நால்ரோட்டில் சிக்னலை எடுத்து ரவுண்டானா வைத்தாயிற்று, இனி நடந்து போகிறவர்கள் எப்படித் தாண்டுவது?

நால்ரோட்டுக்காரன் | திங்கள், இரவு 9:40

பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் நால்ரோட்டைத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், ஊர்ப் பேரைச் சொல்லாமலே புரியும். மூன்று வாரத்துக்கு முன் சிக்னலை அணைத்துவிட்டு மணல் மூட்டையும் பேரிகார்டும் வைத்து ஒரு வட்டம் போட்டார்கள். சோதனை முறை என்று ஃபிளக்ஸ் கட்டியிருந்தது. போன வாரம் மூட்டையை எடுத்துவிட்டுக் கல் பதித்துக் கறுப்பு மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டார்கள். சோதனையில் என்ன தெரிந்தது, யாரிடம் கேட்டார்கள் என்பதெல்லாம் அந்த ஃபிளக்ஸோடு போய்விட்டது.

நேற்றுச் சாயங்காலம் முக்கில் இருக்கிற பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் ஒரு பாட்டி, கையில் ரேஷன் பை, இந்தப் பக்கம் வர நின்றிருந்தார். நான் டீ சொல்லி, டீ வந்து, குடித்து, டம்ளரைக் கீழே வைத்தேன். பாட்டி அதே இடத்தில்தான் நின்றார். ரெண்டு தடவை ரோட்டில் கால் வைத்து ரெண்டு தடவையும் பின்னால் போனார். கடைசியில் நான் அந்தப் பக்கம் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். பாதி தாண்டுவதற்குள் ஒரு கோழி வண்டி ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் எங்களை உரசிக்கொண்டு போனது.

இன்னொரு கூத்து. பழைய ஜீப்ரா கோடு இருக்கும் இடத்திலேயே இருக்கிறது, ஆனால் நடுவில் புதிதாக டிவைடர் கல் வைத்துவிட்டார்கள். கோட்டின் மேல் ஒழுங்காக நடந்தால் நடு ரோட்டில் முழங்கால் உயரச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாட்டி அதைத் தாண்டுவாரா? பக்கத்தில் இருக்கும் இடைவெளிக்காக ரோட்டிலேயே பத்தடி ஓரமாக நடக்க வேண்டியிருக்கிறது, பின்னால் வண்டி வர.

நான் ஒருத்தன்தான் இதைப் பெரிதாக்குகிறேனா, உங்களுக்கும் இப்படித்தான் இருக்கிறதா?

முக்கு பேக்கரி | திங்கள், இரவு 10:15

தம்பி, நீங்க உட்கார்ந்த பேக்கரி நம்முளுதுதான். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாதீங்க. சிக்னல் இருந்தபோது காலை எட்டரைக்கு இங்கே நின்று பார்த்திருக்கிறீர்களா? கம்பெனி வேன், ஸ்கூல் வேன், லாரி எல்லாம் கல்யாண மண்டபம் வரைக்கும் வரிசை கட்டும். இன்ஜினை அணைக்க மாட்டான், புகை பூராவும் என் பன் தட்டு மேல்தான். ஆம்புலன்ஸ் ஒன்று முன்னாடியும் போக முடியாமல் பின்னாடியும் போக முடியாமல் சைரன் போட்டுக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். இப்போது அந்த வரிசை கிடையாது. இதற்கு முன்னே கரண்ட் போனால் சிக்னலும் போகும், அப்போது நாலு பக்கமும் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்பான், அதையும் மறந்துவிடக் கூடாது. ரவுண்டானா நல்லதுதான் என்பது என் கட்சி.

ஓவர்லாக் அக்கா | திங்கள், இரவு 10:52

பேக்கரி அண்ணா, வண்டி வரிசை போனது சரி. நாங்கள் இப்போது வரிசையில் நிற்கிறோமே, அது உங்கள் கல்லாவிலிருந்து தெரியவில்லையா?

எங்கள் கம்பெனி வேன் ராத்திரி எட்டே முக்காலுக்கு எதிர்ப் பக்கம் இறக்கிவிடும். சிக்னல் இருந்த காலத்தில் ரெட் விழுந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் மொத்தமாகத் தாண்டிவிடுவோம். அது எங்களுக்காக வைத்த சிக்னல் இல்லை என்பது தெரியும், மனிதன் நடக்கிற மாதிரிப் படம் போட்ட விளக்கெல்லாம் அங்கே எந்தக் காலத்திலும் எரிந்ததில்லை. வண்டிக்காரன் நிற்கிற நேரத்தில் எங்களுக்கும் கொஞ்சம் வழி கிடைத்தது, அவ்வளவுதான். இப்போது யாருமே நிற்பதில்லை. ஒரு பக்கம் ஓய்ந்தால் இன்னொரு பக்கம் வளைந்து வருகிறது. எங்களோடு வேலை செய்கிற ஒடிசாப் பொண்ணு ஒருத்தி புதுசு, எந்தப் பக்கம் பார்ப்பது என்று புரியாமல் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டேதான் தாண்டுகிறாள். நான் லீவு போட்ட அன்று அவள் வேனிலேயே அடுத்த ஸ்டாப் வரை போய் இறங்கி, ஒரு கிலோமீட்டர் திரும்ப நடந்து வந்தாளாம்.

எக்ஸ்எல் சூப்பர் | செவ்வாய், காலை 6:58

எல்லாம் சரி, தாண்டுகிறவர்களையும் நாலு வார்த்தை சொல்லணும். பாதிப் பேர் காதில் ஃபோனை வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். நான் பால் சொசைட்டிக்குப் போகிறவன், வண்டியில் ரெண்டு பக்கமும் கேன் தொங்கும், சட்டென்று பிரேக் போட முடியாது. ரோட்டில் இறங்குகிறவர் பார்த்து இறங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓவர்லாக் அக்கா | செவ்வாய், காலை 7:20

தம்பி, அந்தப் பாட்டி கையில் இருந்தது ரேஷன் பை. ஃபோன் இல்லை.

ஈச்சர் 14 அடி | செவ்வாய், மதியம் 1:05

நான் வண்டி ஓட்டுகிறவன், முன்னே கோழி லோடு அடித்தேன், இப்போது சாயப்பட்டறைத் துணி அடிக்கிறேன். டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தால் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன், திட்டுகிறவர்கள் அப்புறம் திட்டுங்கள்.

கோழி வண்டி ஏன் நிற்காது தெரியுமா? கூண்டு வண்டியை நிறுத்தினால் உள்ளே காற்று ஓட்டம் நின்றுவிடும். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே நடு அடுக்கில் கோழி செத்துவிழும், எடையும் இறங்கும், அந்தக் கணக்கு டிரைவர் தலையில்தான் வரும். அதனால் ஓடிக்கொண்டே இருக்கத்தான் பார்ப்பான். நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்று, இந்த வட்டம் ரொம்பச் சின்னது. பல்லடம் பக்கமிருந்து திருப்பூருக்கு நேராகப் போகிறவன் ஸ்டீரிங்கை லேசாக ஒரு அசை அசைத்தால் போதும், ரவுண்டானா தாண்டிவிடும். கியர் மாற்றவே வேண்டாம். அப்புறம் எப்படி வேகம் குறையும்? அதே வட்டத்தில் ரைட் எடுக்கிறவனுக்குப் பாருங்கள், பின் சக்கரம் கல் மேல் ஏறித்தான் வரும். கிழக்குப் பக்கத்து மூலையில் கல் ஏற்கனவே பேர்ந்து கிடக்கிறது. வேகமாகப் போகிறவனுக்கு அது வளைவே இல்லை, மெதுவாகத் திரும்புகிறவனுக்கு இடமே இல்லை.

ஓய்வு பெற்ற ஓவர்சியர் | செவ்வாய், இரவு 8:30

டிரைவர் தம்பி நாலு வரியில் சொன்னதைத்தான் நாங்கள் நாற்பது பக்க ரிப்போர்ட்டில் எழுதுவோம்.

ரவுண்டானா என்பது கெட்ட யோசனை கிடையாது. நாலு ரோடு சந்திக்கும் சாதாரணச் சந்திப்பில் வண்டியும் வண்டியும் மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 32 என்று பாடப் புத்தகத்தில் கணக்கு உண்டு. ஒரு வரிசை வண்டி மட்டும் போகிற ஒழுங்கான ரவுண்டானாவில் அது 8. நேருக்கு நேர் மோதலும் பக்கவாட்டில் இடிப்பதும் அநேகமாக இல்லாமல் போய்விடும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டியும் வளைந்தே ஆக வேண்டும். வளைவுதான் வேகத்தைக் குறைக்கும், போர்டு குறைக்காது. நம் நால்ரோட்டில் வட்டத்தை ரோட்டின் நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் இடம் கிடைத்த வாக்கில் தள்ளி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் பல்லடம் வண்டிக்கு நேர்கோடு கிடைக்கிறது.

பாட்டி விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. அந்த ரோட்டின் ஒரு பாதி ஏழு மீட்டர் என்று வையுங்கள். வயதானவர் ஒரு செகண்டுக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகத்தான் நடப்பார், தாண்ட எட்டு செகண்டு வேண்டும். மணிக்கு 50-இல் வருகிற வண்டி அந்த எட்டு செகண்டில் 110 மீட்டர் வந்துவிடும். அதாவது கல்யாண மண்டபத்து வளைவு வரைக்கும் ரோடு காலியாக இருந்தால்தான் பாட்டி கால் வைக்கலாம். வண்டி 25-இல் வந்தால் 55 மீட்டர் போதும், அந்த இடைவெளி அடிக்கடி கிடைக்கும். அடிபட்டாலும் 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் உயிர் தப்பும், 50-இல் அப்படி இல்லை. ஆகவே சிக்னலா ரவுண்டானாவா என்பதை விட உள்ளே வருகிற வேகம் என்ன என்பதுதான் கேள்வி.

ஜீப்ரா கோடு வட்டத்தை ஒட்டி இருக்கக் கூடாது, ஒரு கார் நீளம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். உள்ளே நுழையக் காத்திருக்கிற கார் கோட்டின் மேல் நிற்காது, அதன் பின்னால் ஆள் தாண்டலாம். நடுவில் டிவைடரைக் கோட்டின் அகலத்துக்கு வெட்டிவிட்டு, நின்று மூச்சு வாங்க இடம் விட வேண்டும். பாதி ரோட்டை ஒரு தடவை, மீதியை ஒரு தடவை. இது பெரிய செலவெல்லாம் இல்லை, ஒரு நாள் வேலை.

நால்ரோட்டுக்காரன் | செவ்வாய், இரவு 9:02

சார், இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னொரு சந்தேகம். வட்டத்துக்குள் யாருக்கு முன்னுரிமை? நேற்று ரெண்டு கார்க்காரர்கள் நடுவில் நிறுத்தி இறங்கி இதற்காகவே சண்டை போட்டார்கள், பின்னால் ஊரே நின்றது.

ஓய்வு பெற்ற ஓவர்சியர் | செவ்வாய், இரவு 9:25

வட்டத்துக்குள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் நுழையும்போது வலது பக்கமிருந்துதான் வண்டி வரும். வலது பக்கம் பார், வருகிறவனை விடு, அப்புறம் நுழை. விதி அது, ஆனால் நம் ஊரில் நடப்பது பெரிய வண்டிக்கு முன்னுரிமை, அதற்கடுத்து ஹாரன் சத்தம் பெரிதாக இருக்கிற வண்டிக்கு.

லாலி ரோடு வழி | புதன், காலை 8:10

கோயம்புத்தூரில் இருந்து எழுதுகிறேன். இங்கே சில வருடமாகச் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்னும் ரவுண்டானாவும் வைக்கிறார்கள், லாலி ரோடு முக்கில் நான் தினமும் போகிறேன். வண்டியில் போகிறவனாகச் சொன்னால் நிம்மதி, முன்னே போல நிற்க வேண்டியதில்லை. ஆனால் அக்கா சொல்வது இங்கேயும் அப்படியேதான். எங்கே எல்லாம் வண்டி ஓயாமல் ஓட ஏற்பாடு செய்கிறார்களோ அங்கே நடக்கிறவனுக்கு முறை என்று ஒன்று இல்லாமல் போகிறது, இதை யாரும் வரைபடத்தில் போடுவதில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இங்கே திருச்சி ரோட்டு மேம்பாலம் 2022 ஜூனில் திறந்தார்கள். சுங்கம் என்கிற இடத்துப் பக்க வளைவில் அடுத்தடுத்து பைக்கில் வந்தவர்கள் விழுந்து இறந்த பிறகுதான் பாலத்தை மூடி, வேகத்தைக் குறைக்க ஏற்பாடு செய்து மறுபடி திறந்தார்கள். வளைவு கட்டும்போதே அங்கேதான் இருந்தது.

எக்ஸ்எல் சூப்பர் | புதன், காலை 8:31

அப்படியென்றால் நாலு பக்கமும் வேகத்தடை போட்டுவிட்டால் முடிந்தது. ஒரு ராத்திரி வேலை. ஊர்க்காரர்களே போட்டுவிடலாம்.

ஈச்சர் 14 அடி | புதன், காலை 9:12

வேண்டாம் தம்பி, உன்னைத்தான் முதலில் கவிழ்க்கும். நம் ஊரில் போடுகிற வேகத்தடை ஒரு அடி அகலத்தில் வரப்பு மாதிரி நிற்கும், மேலே பெயின்ட் இருக்காது, ராத்திரி கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பக்கம் கேனோடு அதில் ஏறினால் பால் ரோட்டில்தான்.

ஓய்வு பெற்ற ஓவர்சியர் | புதன், காலை 11:40

டிரைவர் சொல்வது சரி. ரோட்டுக்கு அளவு வகுக்கிற இந்தியச் சாலை மாநாடு (ஐஆர்சி) என்ற அமைப்பு சொன்ன அளவே இருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டரில் தாண்டுகிற மாதிரி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 3.7 மீட்டர் என்பது பன்னிரண்டு அடி! நாம் போடுவது ஒரு அடி. இதில் யார் முதுகு எலும்பு தேறும்?

என்னைக் கேட்டால் வேகத்தடையைத் தனியாகப் போடாமல் ஜீப்ரா கோட்டையே மேடாக்கச் சொல்வேன், மேலே சமதளம், அதில் கோடு. வண்டி மெதுவாக ஏறும், ஆள் மேட்டில் நடப்பதால் கண்ணுக்கும் தெரியும். ஊர்க்காரர்களே போடுவது கூடாது, யாராவது விழுந்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

தறிச்சத்தம் | புதன், மாலை 5:55

இங்கே பேசி என்ன ஆகப் போகிறது, எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம். மனுவைச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அந்தக் குழுவுக்குக் கலெக்டர்தான் தலைவர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்டிஐ மனு ஒன்றும் போடுங்கள். கேட்க வேண்டியது ரெண்டே ரெண்டு. வட்டத்தின் வரைபட நகல், மாற்றும் முன் பாதுகாப்புத் தணிக்கை செய்திருந்தால் அதன் நகல். முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். நான் விசைத்தறிக்கு மின் கட்டண விஷயத்தில் போட்ட அனுபவத்தில் சொல்கிறேன், “ஏன் இப்படிச் செய்தீர்கள்” என்று கேட்டால் பதில் வராது, “நகல் கொடுங்கள்” என்று கேட்டால் வரும்.

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 198ஏ என்று ஒரு பிரிவு வந்தது. ரோட்டை விதிப்படி வடிவமைக்காத அதிகாரிக்கும் கான்ட்ராக்டருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். அதையும் மனுவில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஓய்வு பெற்ற ஓவர்சியர் | புதன், இரவு 8:15

அதைப் போடாதீர்கள். அந்தப் பிரிவு அந்தக் குறையால் யாராவது செத்தால் அல்லது ஊனமானால்தான் பாயும். முதல் மனுவிலேயே மிரட்டினால் ஃபைல் சட்டப் பிரிவுக்குப் போய்ப் படுத்துவிடும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். வேலை நடக்க வேண்டும் என்றால் வேலையைச் சுலபமாக்கிக் கொடுங்கள். ஒரு ஸ்கெட்ச், மூன்று வேலை, அவ்வளவுதான்.

நால்ரோட்டுக்காரன் | புதன், இரவு 9:30

ஒரு பழக்கமான ஆளிடம் விசாரித்தேன், “அது பிளாக் ஸ்பாட் லிஸ்ட்டில் இல்லையே” என்றார். அது என்ன கணக்கு?

தறிச்சத்தம் | புதன், இரவு 9:48

அடிக்கடி விபத்து நடக்கிற இடத்தைத்தான் பிளாக் ஸ்பாட் என்பார்கள். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய அமைச்சகம் வைத்த கணக்கு. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் சாவோ பலத்த காயமோ ஆன விபத்து 5, இல்லையென்றால் சாவு 10. மூன்று வாரத்துக்கு முன் மாற்றிய இடத்துக்கு மூன்று வருடக் கணக்குக்கு எங்கே போவது?

ஓவர்லாக் அக்கா | புதன், இரவு 10:20

அப்போ லிஸ்ட்டில் சேர நாங்கள் ஆள் கொடுக்க வேண்டும், அப்படித்தானே.

முக்கு பேக்கரி | வியாழன், காலை 6:15

அம்மணி அப்படிப் பேசாதீங்க. நேற்று ராத்திரி எட்டே முக்காலுக்குக் கல்லாவை விட்டு வெளியில் வந்து நின்று பார்த்தேன். எத்தனை வருடமாக அதே இடத்தில் கடை வைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் வடை போடுகிற அவசரத்தில் ரோட்டைப் பார்த்ததே இல்லை. ஹைமாஸ் லைட் பூராவும் நடு வட்டத்தின் மேல் விழுகிறது, நீங்கள் இறங்குகிற இடம் கும்மிருட்டு. கறுப்புச் சுடிதார் போட்ட பொண்ணு எனக்கே தெரியவில்லை, வண்டிக்காரனுக்கு எங்கே தெரியும்? கடை வாசலில் ரெண்டு ஃபோகஸ் லைட் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன். மனுவில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரவுண்டானா வேண்டாம் என்று மட்டும் எழுதக் கூடாது.

நால்ரோட்டுக்காரன் | வியாழன், காலை 7:05

எழுதவில்லை அண்ணா. மூன்றுதான் கேட்கிறோம். கோட்டைப் பின்னால் தள்ளிப் போட்டு டிவைடரை வெட்டுவது, கோட்டை மேடாக்குவது, வட்டத்தை நடுவுக்குக் கொண்டுவருவது. மூன்றாவது உடனே நடக்காது என்று தெரியும். திருப்பூர் பஸ் இப்போது நுழைகிற வாயிலேயே நிற்கிறதே, அந்த ஸ்டாப்பை நால்ரோடு தாண்டித் தள்ளி வைக்கவும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பஸ்ஸுக்கு முன்னால் வந்து தாண்டுகிற ஆளை ஓவர்டேக் பண்ணுகிற பைக்காரனுக்குத் தெரியவே தெரியாது.

ஈச்சர் 14 அடி | வியாழன், மதியம் 2:40

நம் டெம்போ ஸ்டாண்டில் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. கோழி வண்டி ஓட்டுகிற ரெண்டு பேரும் போட்டார்கள். ஒருத்தன் தன் வீட்டுக்காரம்மாவும் அந்த வேனில்தான் வருகிறாள் என்றான்.

நால்ரோட்டுக்காரன் | அடுத்த திங்கள், மாலை 4:50

மனு கொடுத்தாயிற்று. ரசீது கையில் இருக்கிறது. வாங்கியவர் ஸ்கெட்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “இதை யார் போட்டது?” என்றார். ஓவர்சியர் சார், உங்கள் பேரைச் சொல்லவில்லை.

ஓவர்லாக் அக்கா | சனி, காலை 7:35

யாராவது நால்ரோட்டுப் பக்கம் இருக்கிறீர்களா? வேனுக்கு நிற்கிறேன். ரெண்டு பேர் வெள்ளை பெயின்ட் டப்பாவோடு வந்து ஜீப்ரா கோடு அடிக்கிறார்கள். பழைய இடத்திலேயே. டிவைடர் கல் வரைக்கும் அடித்துவிட்டு, அந்தப் பக்கம் போய் மீதியை அடிக்கிறார்கள்.

முக்கு பேக்கரி | சனி, காலை 7:41

நான் போய் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர்கள் மேல் தப்பு இல்லை, இருக்கிற கோட்டைப் புதுப்பிக்கச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் பத்து மணிக்கு வருவாராம். ரெண்டு பேருக்கும் டீயும் பன்னும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன், பத்து மணி வரைக்கும் தாங்கும். தம்பி, அந்த ஸ்கெட்ச் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு வாங்க. ஓவர்சியர் சாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வாங்க.

ஓய்வு பெற்ற ஓவர்சியர் | சனி, காலை 7:44

வேட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். டேப் என்னிடம் இருக்கிறது.